ஒரு முழம் பின்னால்

ரங்கூன், பசுந்தாங்
அட்சய வருஷம், கார்த்திகை மாதம் 20ந் தேதி

சௌபாக்கியவதி தைலம்மாளுக்கு உன் புருஷன் குழந்தைவேலு ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது.

போன கடிதத்தில் இவ்விடம் எல்லாரும் சுகம் என்று ஆரம்பித்தேன். அது பொய். உன் அண்ணன் மாரிச்சாமிக்குக் காலில் சின்னக் காயம், ஒரு வாரத்தில் எழுந்து நடப்பான் என்றும் எழுதியிருந்தேன். அதுவும் பொய். அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. சோறு தின்கிறான், பீடி பிடிக்கிறான். அதனால் மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடாதே. அவன் கால்மேல் ஏறிய வண்டியை ஓட்டியது நான்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் படி. தை மாதக் கப்பலில் நீ இங்கே வருவதாக ஏற்பாடு. இதைப் படித்த பிறகும் வருவாயா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். உங்கள் சனம் கூடி என்னைப் பற்றி என்ன பேசினாலும் எனக்கு மயிரே போச்சு.

உன் அண்ணனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதே. உன் கழுத்தில் தாலி கட்டுவதற்கு முந்தி பத்து வருஷம் நானும் அவனும் அருப்புக்கோட்டையிலிருந்து விருதுபட்டிக்குப் பருத்தி வண்டி அடித்தவர்கள். மச்சான் என்று கூப்பிடப் பழகியதே நீ வந்த பிறகுதான். அவனுக்கு அடிக்கச் சட்டென்று கை நீண்டுவிடும் என்பது உனக்குத் தெரியும். என் கையும் மடியில் கட்டிவைத்த கை இல்லை. எங்கள் சினேகிதமே அடிதடியில்தான் ஆரம்பித்தது.

இங்கே நான் என்ன வண்டி ஓட்டுகிறேன் என்று உனக்கு ஒழுங்காக எழுதியதில்லை. எங்கள் மரக் கம்பெனி துரை வருஷத்தில் பாதி நாள் காட்டில் மரம் எண்ணப் போகிறவர். கூடாரத்தில் படுத்துப் படுத்து இடுப்பு போய்விட்டது என்று இந்த வருஷம் பசுந்தாங் பட்டறையில் ஒரு வீட்டு வண்டி செய்யச் சொன்னார். தேக்குப் பலகை, பதினெட்டு அடி நீளம். உள்ளே கட்டில், அலமாரி, குளிக்கிற தொட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் உண்டு. அடியில் இரண்டே சக்கரம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புத் தண்டை லாரியின் வாலில் மாட்டி இழுக்கவேண்டும். இழுத்துக்கொண்டு போவதைக் குருடனும் செய்வான். பின்னால் தள்ளுவதுதான் பிராணனை வாங்கும். ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் வீட்டு வண்டி அந்தப் பக்கம் போகும். ஒரு விரல் கூடுதலாக ஒடித்தால் இடுப்பில் மடிந்து லாரியையே வந்து குத்தும்.

கம்பெனியின் பெரிய டிரைவர் ஜாபர், கீழக்கரைக்காரர், துரையின் காரை ஓட்டுகிறவர். முதலில் அவர்தான் முயன்றார். கேட் தூணைச் சாய்த்துவிட்டு இறங்கி, இது வண்டியில்ல ஷைத்தான், நம்மால ஆகாது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறு யார் ஓட்டுவது என்று துரை கேட்டார். லாரிக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்த உன் அண்ணன் அங்கிருந்தே, எம் மாப்ள ஓட்டுவான் தொரை, ஓட்டலேன்னா என் காதை அறுத்துக்குங்க என்று கத்திவிட்டான். நான் லாரி பிடித்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

காதை யாரும் அறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே கடிபட்டது. பட்டறைச் சந்தின் முனையில் மா தெயின் என்கிற பர்மாக்காரி மொகிங்கா விற்கிறாள். இடியாப்பம் மாதிரி நூலை மீன் குழம்பில் போட்டுத் தருவாள், காலையில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் பசியாற. நான் பின்னால் தள்ளிய தள்ளில் வீட்டு வண்டி அவள் அடுப்புமேல் ஏறி, பானை இரண்டும் உடைந்து, கொதிக்கிற குழம்பு சந்தெல்லாம் ஓடியது. அவள் அகப்பையால் என் தலையில் ஒன்று போட்டாள். கையைத் தூக்கித் தடுத்தேன், முழங்கையில் இன்னொன்று விழுந்தது. அதற்குள் உன் அண்ணன் ஓடிவந்து என்னைக் கீழே இழுத்து, மாப்ள மாப்ள என்று சொல்லிக்கொண்டே இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தான். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அவன் கழுத்தை வளைத்து இழுத்துக் காதைக் கடித்துவிட்டேன். கடைசியில் மா தெயின்தான் எங்களைப் பிரித்துவிட்டாள். சாயங்காலம் அவன் காதில் மஞ்சள் வைத்துக் கட்டியது நான்தான்.

பிறகு துரை எங்களை இன்சீனுக்கு அனுப்பினார். ரயில் பட்டறைக்கு அந்தண்டை ஒரு பொட்டல் இருக்கிறது. உன் அண்ணன் காலி மண்ணெண்ணெய்த் தகரங்களை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் வண்டி நுழையும் அளவு இடம் விடுவான். நான் பின்னால் தள்ளி அதற்குள் நுழைய வேண்டும். ஒரு தகரம் விழுந்தால் மூங்கில் கழியால் முதுகில் ஒன்று. எனக்காக எல்லார் முன்னாலும் வாய் விட்டவன் அவன், அந்த மானம் அவனைப் பிடுங்கியது. எனக்குக் கோபம் வந்தால் ஸ்டீரிங்கை ஒடிக்கிற அளவு கூடும். கூடினால் வண்டி மடியும். மடிந்தால் அவன் அடிப்பான். அடித்தால் மறுபடி கோபம் வரும். இப்படியே ஏழு நாள் போயிற்று.

எட்டாம் நாள் நான் லாரிக்கு உயிர் கொடுக்கிற இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மண்டையைப் பிளந்துவிடுவது என்றுதான் இறங்கினேன், உன்னிடம் மறைப்பானேன். அவன் கழியால் என் மணிக்கட்டில் அடித்துக் கைப்பிடியைத் தட்டிவிட்டான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். அவன் மூக்கு உடைந்தது, என் உதடு கிழிந்தது. இனி அடிக்கத் தெம்பில்லாமல் வண்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தோம். கிடந்தபடியே தலையைத் திருப்பினேன். வீட்டு வண்டியின் அடிப்பாகம் தெரிந்தது. இரண்டு சக்கரம், ஒரு அச்சு, முன்னால் நீண்ட ஒரு தண்டு. மேலே தேக்குப் பலகையும் கொசுவலையும் இல்லாவிட்டால் அது நம் பருத்தி வண்டிதான்.

விருதுபட்டி பஞ்சு ஆலை மேடையில் நாங்கள் தினமும் செய்த வேலையை அப்போது நினைத்துப் பார்த்தேன். மேடையை ஒட்டி வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தவேண்டும். நான் முன்னால் மாட்டைப் பிடித்து நுகத்தடியை இடது பக்கம் தள்ளுவேன், வண்டியின் வால் வலது பக்கம் போகும். பத்து வருஷத்தில் ஒரு நாளும் அதை யோசித்துச் செய்ததில்லை. உன் அண்ணன் பின்னால் சக்கரத்தோடு நடந்து வருவான். வண்டி எல்லை தாண்டப் போனால் கட்டையைக் காலாலேயே சக்கரத்தடியில் உதைத்து நிறுத்துவான். அவன் உதைத்தால் வண்டி நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்.

எழுந்துபோய் லாரியில் ஏறினேன். லாரி மாட்டின் கழுத்து, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டீரிங்கின் அடியில் உள்ளங்கையை வைத்து, வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை மெல்லத் தள்ளினேன். பதினெட்டு அடி வீடும் பசு மாதிரி தகரங்களுக்கு நடுவில் போய் நின்றது. உன் அண்ணன் மூக்கில் ரத்தத்தோடு ஓடிவந்து சந்தோஷத்தில் என் முதுகில் குத்திய குத்து, அதற்கு முன் ஏழு நாள் பட்ட அடியைவிட வலித்தது.

அதன் பிறகு ஒரு தகரம் விழவில்லை. சந்தில் நுழைப்பேன், கேட்டில் நுழைப்பேன், மா தெயின் புது அடுப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவேன். அவள் அகப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். துரை என் தோளில் கை வைத்துப் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, தைலம்மா. பயந்த நாளில் ஒரு சந்துக்குப் பத்துத் தடவை இறங்கிப் பார்ப்பேன். பயம் போன பிறகு கழுத்தைத் திருப்புவதே கேவலமாகப் பட்டது. பின்னால் நீ நிற்க வேண்டாம் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். அவனா கேட்பான். வலது என்பான், இடது என்பான், நூறு தடவை நிறுத்து என்பான். அதில் தொண்ணூறு தடவைக்கு அவசியமே இருக்காது.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். மேலே எழுதக் கை வரவில்லை. இன்று காலையில் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசி ஆறாம் தேதி வீட்டு வண்டியை க்யிம்யிண்டைங் துறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆற்றில் நிற்கிற தட்டைப் படகில் அதை ஏற்றி மேலே காட்டுக்கு அனுப்பவேண்டும். அங்கே இழுக்க யானை இருக்கிறது. கரையிலிருந்து படகுவரை சரிவாகப் பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகைமேல் பின்பக்கமாக இறக்க வேண்டும். இறங்கிப் பலகையை ஒரு தடவை நடந்து பாருடா என்றான் உன் அண்ணன். நான் என்ன நேத்தா வண்டி பிடிச்சேன் என்று உட்கார்ந்தபடியே சொன்னேன். அவன் எட்டிப் பிடரியில் ஒன்று வைத்தான். ஐம்பது கூலிகள் பார்த்தார்கள். துரை சிரித்துவிட்டார். அடி எனக்குப் பழக்கம், அந்தச் சிரிப்பில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. பின்னால வந்து நிக்காதே, நின்னா ஏத்திடுவேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

கோபத்தில் யாரும் சொல்கிற பேச்சுத்தான். ஆனால் நான் அதைச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

வண்டி அழகாக இறங்கியது. அவ்வளவு அழகாக நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. பாதி வீடு படகுக்குள் போய்விட்டது. வலது பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும், இடது சக்கரம் தெரியாது. அந்தப் பக்கம் சக்கரம் பலகையின் விளிம்புக்குப் போயிருக்கிறது. அதை உன் அண்ணன் பார்த்துவிட்டான். பத்து வருஷப் பழக்கம், கட்டையைக் காலால் உதைக்க ஓடியிருக்கிறான். வந்தது பருத்தி வண்டி இல்லை, மூன்று டன். உதைத்த கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. நிறுத்து என்று கத்தினான்.

எனக்குக் கேட்டது.

இதை அப்போது இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. போலீசிடம், துரையிடம், அவனிடமே சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை என்றேன். பொய். நன்றாகக் கேட்டது. எப்போதும் கத்துகிற குரல் மாதிரி அது இல்லை, அதுவும் எனக்குத் தெரிந்தது. கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. நீ சொல்லியா நான் நிக்கணும் என்று மனசு சொல்லியது. அழுத்தாமல் ஒரு முழம் விட்டேன். ஒரே ஒரு முழம்தான் தைலம்மா. பலகை முறிகிற சத்தம் கேட்டது. முறிந்தது பலகை இல்லை.

கூலிகள் முப்பது பேர் தோள் கொடுத்து வண்டியைத் தூக்கினோம். கால் பலகைச் சந்தில் நசுங்கிக் கிடந்தது, எலும்பு வெளியே தெரிந்தது. துரையின் மெத்தையை உள்ளேயிருந்து இழுத்து அதில் அவனைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் வழியெல்லாம் சொட்டியது. நான் திரும்பி வந்தபோது துரை வீட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லை என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையைக் கடித்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து சலாம் வைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜாபர் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். உன் காதுல ஈயமாடா ஊத்தியிருக்கு, கரையில நின்ன எனக்கே கேட்டுச்சே என்று வாயில் குத்தினார். முன்பல் ஒன்று போய்விட்டது. நான் கையைத் தூக்கவில்லை. ஆனால் போலீஸ் வந்தபோது உன் அண்ணன் அவரை முந்திக்கொண்டான். கால் வழுக்கினது எனக்கு, நான் சத்தமே போடல, மாப்ள மேல குத்தம் இல்ல என்று கட்டிலில் படுத்தபடி சொன்னான். ஏற்றிவிடுவேன் என்று நான் கத்தியதைக் கேட்டார்கள். அது எங்களுக்குள்ள சும்மா பேசுற பேச்சு என்றான். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, உனக்குக் கேக்கலையா என்று ஒரே ஒரு தடவை கேட்டான். கேட்கவில்லை என்றேன். சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றையிலிருந்து அவன் என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. நான் சோறு கொண்டுபோனால், வாங்க மாப்ள, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பான். நான் கஞ்சியைச் சூடாக ஊட்டி அவன் வாய் சுட்டபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வாரம் இப்படி. ராத்திரி பகல் தெரியாமல் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியவில்லை. கால் போனதற்காக ஒரு தடவை அழுதேன். அவன் என்னை அடிக்காததற்குத் தினமும் அழுதேன்.

துரை காட்டில் காய்ச்சலில் விழுந்து, போன வாரம் வீட்டு வண்டியோடு திரும்பிவிட்டார். முன்னால் இழுக்கிற வேலைதானே என்று ஜாபரே இழுத்துக்கொண்டுபோய் லாரியோடு இன்சீன் பொட்டலில் விட்டார். துறைக்கு அப்புறம் நான் எந்த வண்டியையும் தொடவில்லை. அது உன் அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. முந்தாநாள், என்னை இன்சீனுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றான். ரயிலில் போய், ஸ்டேஷனிலிருந்து அவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொட்டலில் நசுங்கிய தகரங்கள் இன்னும் கிடந்தன. வீட்டு வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி ஒரு தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டான். இருக்கிற காலை முன்னால் நீட்டினான். பின்னால தள்ளுங்க என்றான்.

மாட்டேன் என்றேன். தள்ளுங்க என்றான். ஏறி உட்கார்ந்தேன். மெல்லத் தள்ளினேன். நிறுத்து என்று கத்தினான். துறையில் கத்திய அதே குரல். நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தால், வண்டிக்கும் அவன் காலுக்கும் நடுவில் பத்து அடி இருந்தது. அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு மச்சான் என்று சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரியும், ஏறுங்க என்றான்.

மறுபடி தள்ளினேன், கத்தினான், நிறுத்தினேன். எட்டு அடி. மறுபடி. ஆறு அடி. என் சட்டை நனைந்துவிட்டது. கடைசித் தடவை தள்ளிக்கொண்டே போனேன், அவன் கத்தவில்லை. கத்துவான் கத்துவான் என்று காது அடைத்துப் போயிற்று. சத்தமே இல்லை. நானாகவே பிரேக்கை மிதித்துவிட்டு, குதித்து ஓடினேன். சக்கரத்துக்கும் அவன் குதிகாலுக்கும் ஒரு முழம் இருந்தது. அளந்து வைத்த மாதிரி ஒரு முழம். அவன் காலை இழுத்துக்கொள்ளவே இல்லை. அவன் முன்னால் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து என் முதுகில் ஒன்று போட்டான். முழு பலத்தோடு போட்டான், மூச்சு நின்று வந்தது. அப்புறம் கையாலேயே தலையிலும் தோளிலும் விழுந்த இடத்திலெல்லாம் அடித்தான். அடித்துக்கொண்டே அழுதான். நான் குனிந்து நன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓய்ந்த பிறகு, தைலாவுக்கு எழுதிட்டியாடா என்று கேட்டான். கால் போனதை எழுத வேண்டாம் என்று ஆறு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் முதுகு இப்போது நீலம் பாரித்துக் கிடக்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு அப்புறம் தூங்கினேன். அவனோடு எனக்கு என்ன பாக்கியோ அதை அவன் என் முதுகில் தீர்த்துக்கொண்டான். உன்னோடு தீரவில்லை. ஒரே அண்ணனோடு பிறந்தவள் நீ. அவனை நொண்டியாக்கியவன் கையால் தாலி வாங்கியவளும் நீதான். நீ வராமல் அங்கேயே இருந்துகொண்டு, கோபமா இல்லையா என்று ஒரு வரி எழுதாமல், கேட்டவர்களிடம் நல்லா இருக்கார் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருப்பாயோ என்றுதான் எனக்குப் பயம். அதை என்னால் தாங்க முடியாது.

தை மாதக் கப்பலில் ஏறு. துறைமுகத்தில் உன் அண்ணனையும் முதுகில் தூக்கிக்கொண்டு நான் வந்து நிற்பேன். கூட்டம் பார்க்கிறதே என்று யோசிக்காதே. இறங்கியதும் உன் கை ஓயும்வரை என்னை அடி. அடிப்பதற்காகவாவது வா.

முருகன் உன்னை அலையில் ஆடாமல் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருக்கும்,
குழந்தைவேலு